ஆனாக்காவும் அந்த அரை மணி நேரமும்

சோப்புத் தண்ணீர் வாளிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஆனாக்கா உட்கார்ந்திருக்கிறார். கைக்கடிகாரம் நனைந்துவிடக் கூடாதென்று அதைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால் பேச்சு இல்லை. விரல் நுனிகள் வெளுத்து, உலர்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கியதும் எழுந்திருக்கிறார். கையைத் துடைக்காமல், சொட்டச் சொட்ட நடந்துபோய், வாசல் சுவரில் இருக்கும் விரல்ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை. சிவப்பு. இடது கை. அதுவும் சிவப்பு. கடிகாரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போலச் சிரிக்கிறார்.

"பாத்தீங்களா? காஞ்ச கையா இருந்தாதான் இதுக்கு ஆளத் தெரியுது. நாள் பூரா தண்ணில நிக்கறவங்க இதுக்குப் பேய் மாதிரி. வந்துதான் இருக்காங்க, ஆனா வரவே இல்ல."

அவர் துணி துவைப்பவர் அல்ல. தொழிலாளர்கள் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், எவ்வளவு நேரம் கூடுதலாக உழைத்தார்கள் என்று கணக்கு வைக்கிற சாப்ட்வேரை விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அதை வாங்குகிற இடத்துக்கு நேரில் போய், அங்கே எது வேலை நேரம், எது ஓவர்டைம், எந்த நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு, எந்த நேரத்துக்கு இரட்டைப் பங்கு என்று விதிகளை ஒவ்வொன்றாக அதற்குள் எழுதிவைத்துவிட்டுத் திரும்புவார். பிஸ்கட் தொழிற்சாலை, பிணவறை, பேருந்துப் பணிமனை, பூங்கா என்று அவர் போகாத இடமில்லை. வாளியும் சோப்பும் அவராகச் சேர்த்துக்கொண்டவை. நிறுவனம் அதையெல்லாம் கேட்கவில்லை.

போகிற இடங்களில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஆனாக்கா. முதலாளி சொல்கிற விதி எதுவானாலும் முழுதாகக் கேட்டுக்கொள்வார், தலையை ஆட்டுவார், குறித்துக்கொள்வார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஆனா..." என்பார். "ராத்திரி எட்டு மணிக்கு மேல வேலை செஞ்சா ஓவர்டைம்." "சரி சார். ஆனா எட்டு மணிக்குதான் ஷிப்டே ஆரம்பிக்கறவங்க?" "மேனேஜர் அனுமதி குடுத்தாதான் ஓவர்டைம்." "சரி சார். ஆனா மேனேஜர் அன்னைக்கு லீவுன்னா?" பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் ஆனா முதல் எழுத்து. அவருக்கு அதுதான் மொத்த அரிச்சுவடியும். அந்தப் பெயர் தனக்குப் பின்னால் ஓடுவது அவருக்குத் தெரியும். ஒரு தடவை கைபேசியை எடுத்து, "ஆமா, ஆனாக்காதான் பேசறேன்" என்று அவரே சொன்னதைக் கேட்டேன்.

நான் அவரைத் தெரிந்துகொண்டது அவருடைய கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில். என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கணவர், கடைப் பையனிடம் பேசுவது போல என்னிடம் பேசினார்.

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்னு நெனச்சுக்காதீங்க. இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. மறதி மாமான்னு ஒருத்தர், மெஷின்ல வெரல் வெச்சு பஞ்ச் பண்ண மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. அவசர அக்கான்னு ஒருத்தி, ஷிப்டுக்கு முன்னாடியே வந்து நிப்பா. கூப்பிட்டா வர்ற சித்தப்பா, வீட்டுக்குப் போய் செருப்பக் கழட்டறதுக்குள்ள திரும்பக் கூப்பிட்டுருவாங்க. ராத்திரி ராசா பத்தி மட்டும் கேக்காதீங்க. என் தம்பி கல்யாண நாள் இவளுக்கு ஞாபகம் இருக்காது. ராத்திரி ராசா எத்தன மணிக்குத் தூங்கினான்னு கரெக்டா சொல்லுவா."

இவர்கள் எல்லோரும் ஆனாக்கா உண்டாக்கிய ஆட்கள். ஒரு விதியை எழுதியவுடன் அதை உண்மையான தொழிலாளிகள்மேல் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் சாப்ட்வேருக்குள் பொய்யான தொழிலாளிகளை நியமித்து, அவர்களை வரவைத்து, போகவைத்து, என்ன சம்பளம் விழுகிறது என்று சோதிப்பார்கள். மற்றவர்கள் அவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்களாம். இவரோ அவர்களுக்கு வாழ்க்கை கொடுத்துவிடுகிறார். மறதி மாமாவுக்கு முழங்கால் வலி. அவசர அக்கா சீக்கிரம் வருவதற்குக் காரணம், அவள் ஊருக்கு அந்த ஒரு பேருந்துதான். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"எண்ணுக்கு என்ன நடந்தா நமக்கென்ன? மாமாவுக்கு நடந்தா கோவம் வருதுல்ல?"

ராத்திரி ராசாவின் கதையை அவரே சொன்னார். ராசா மாலையில் வேலைக்கு வருவான், மறுநாள் விடிந்த பிறகு போவான். சாப்ட்வேருக்கு நள்ளிரவோடு நாள் முடிந்துவிடும். அது ராசாவின் ஒரே இரவை இரண்டு நாளாக்கி, இதில் கொஞ்ச நேரம், அதில் கொஞ்ச நேரம், இரண்டிலும் ஓவர்டைமே இல்லை என்று சொல்லிவிடும். "ஒரே உடம்பு சார். நடுவுல உக்காரக்கூட இல்ல. அத ரெண்டு துண்டா வெட்டி, ரெண்டும் சின்னதா இருக்கேன்னு சொல்லுது" என்றபோது அவர் குரலில் வெறும் எரிச்சல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்வது மாதிரி இருந்தது.

இவருடைய இளமையில் வீட்டில் யாருக்கோ கூலி மறுக்கப்பட்டிருக்கும், அதுதான் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டு மெல்லக் கேட்டேன். "அப்பா ஸ்கூல் வாத்தியார். சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துரும். அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று என் கதையை ஊதி அணைத்துவிட்டார்.

அவர் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "வாங்க. ஆனா ஷூ போட்டுட்டு வாங்க. துவைக்கற எடம், தரை வழுக்கும்" என்றார்.

ஊரின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்துக் கொடுக்கிற இடம் அது. ஒரு பக்கம் மனிதனைவிட உயரமான சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டு சுற்றுகின்றன. கூரைவரை நீராவி. பிறந்த குழந்தையைக் கிடத்திய விரிப்பும், யாரோ கடைசியாகக் கண்மூடிய விரிப்பும் ஒரே குவியலில் கலந்து, கொதிநீரில் புரண்டு, எந்தக் கதையும் ஞாபகமில்லாத வெள்ளையாக வெளியே வந்து விழுகின்றன. கோயிலுக்குள் நுழைந்தவன் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். தாழ்த்தியதால் என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

ஈரம் பிழிந்த விரிப்புகள் கடைசியாகப் போகிற இடம் இஸ்திரி உருளை. கொதிக்கக் கொதிக்கச் சுழலும் பெரிய உலோக உருளை. அதன் முன்னால் இரண்டு பெண்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விரிப்பை உதறி, மட்டம் பார்த்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் காகிதம் போலத் துப்பும். இரண்டு கைகள் மட்டும் அல்ல, நான்கு கைகளும் ஒரே மனதாக இருந்தால்தான் சுருக்கம் விழாது. அவர்கள் இருவரும் அண்ணியும் நாத்தனாரும்.

"வீட்ல பேசிக்க மாட்டோம். இங்க பேசத் தேவையில்ல" என்றார் அண்ணி. நாத்தனார் எதிர்முனையிலிருந்து, "பேசினா சத்தத்துல கேக்காது. அதான் குடும்பம் நடக்குது" என்றார். இருவர் கையும் நிற்கவில்லை.

ஆனாக்கா அந்த உருளைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு காலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். அலுவலக அறையில் குளிர்சாதனமும் நாற்காலியும் காத்திருந்தன. முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "வர்றேன்னு சொல்லுங்க" என்றார், போகவில்லை. அவருடைய கேள்விகள் கேட்பதற்கு ஒன்றுமில்லாதவை போல இருக்கும்.

"அண்ணி, சாப்பிடறப்ப எங்க உக்காருவீங்க?"

"உக்காரறதா?" அண்ணி விரிப்பை உதறினார். "உருளைய நிறுத்தினா சுத்தியிருக்கற துணி கருகிரும். ஓடவிட்டுட்டுப் போனா யாராவது கைய விட்ருவாங்க. சூடு ஆறவே ரொம்ப நேரமாகும், திரும்ப ஏறவும் அதே மாதிரி. அதனால ஒருத்தர் போவோம், ஒருத்தர் நிப்போம். தனியா நிக்கறப்ப தலையணை உறை மட்டும் போடுவோம். போனவ நின்னுட்டே ரெண்டு வாய் போட்டுட்டு ஓடி வந்துருவா."

ஆனாக்கா ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

அலுவலக அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினார். சாம்பல் நிறப் பக்கம். வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு எதிரே, "உணவு இடைவேளை: தினமும் அரை மணி நேரம் தானாகக் கழிக்கவும்" என்று இருந்தது. அதில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. சாப்ட்வேர் வரும்போதே அப்படித்தான் வருமாம். அதுவரை அந்த இடத்தில் வந்த நேரம், போன நேரம் மட்டும் காகிதத்தில் எழுதி, உருளைக்காரர்களுக்கு முழு நேரத்துக்கும் சாதாரணச் சம்பளம் கொடுத்து வந்தார்கள். வருகிற மாதத்திலிருந்து அந்த டிக், உட்கார்ந்து சாப்பிடாத இரண்டு பெண்களைத் தினமும் அரை மணி நேரம் சாப்பிட அனுப்பிவிடும். அந்தக் கட்டம் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இவ்வளவு பெரிய நீராவிக் கூடத்தை இவ்வளவு சின்ன இடத்திலிருந்து அசைக்க முடியும் என்பதை நினைத்து, சுண்டுவிரலை அதன்மேல் வைத்து இன்னொரு தடவை அளந்து பார்த்தேன்.

முதலாளி நல்லவர். அப்பா தொடங்கிய தொழிலை எடுத்து நடத்துபவர். எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டால் என்ன கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவார். உருளையின் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி ஆனாக்கா சொன்னபோது உண்மையாகவே திடுக்கிட்டார்.

"இத்தன வருஷமா எனக்குத் தெரியாதே!"

"எப்படித் தெரியும் சார்? அந்த நேரத்துல நீங்களும் சாப்பிட்டுட்டுதான இருப்பீங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஆனாக்கா கேட்டார், "ஒரு நாள் என் டெஸ்ட் ஆளா வேல பாக்கறீங்களா சார்? உங்க பேர்ல ஒரு ஆளப் போட்டு, உண்மையாவே ஓட்டிப் பாக்கலாம்." என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "புதுமாப்பிள்ளன்னு வெச்சுக்கலாம். கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம நிப்பீங்கள்ல?" என்றார்.

மறுநாள் காலை முதலாளி கட்டைவிரலை வைத்து, பச்சை விளக்கு வாங்கி, நாத்தனாரின் இடத்தில் நின்றார். நாத்தனாரை மடிக்கிற மேசைக்கு அனுப்பியிருந்தார்கள். அண்ணி முதலில் கூச்சப்பட்டார். நாலு விரிப்பு போவதற்குள் கூச்சம் போய்விட்டது. "சார், இழுக்காதீங்க... சார், தளர்த்தாதீங்க... சார், என்னப் பாக்காதீங்க, துணியப் பாருங்க!" முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எதையோ எடுக்கப் போவது போல அந்தப் பக்கமாக ஒரு நடை போய்விட்டு வந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. "நீங்க போய்ட்டு வாங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணி. அவர் போனார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கைபேசி அடித்தது. பேசிவிட்டு, பாதி சாப்பிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து, "இப்ப நீங்க போங்கம்மா" என்றார். அண்ணி கையைக் கழுவப் போனார். தனியாக நின்ற முதலாளி தலையணை உறையைக் கொடுத்தார். அது கோணலாகப் போய்ச் சுருண்டது. அதை நேராக்கக் கையை நீட்டியவர், சூட்டில் சுரீரென்று பின்வாங்கி, "அம்மா!" என்று கத்திவிட்டார். தன்னுடைய தாயைக் கூப்பிட்டாரோ அண்ணியைக் கூப்பிட்டாரோ, அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தார். உறை கருகி மணத்தது. விரலுக்கு ஒன்றுமில்லை, லேசான சிவப்பு. அதன்பிறகு அண்ணி போகவில்லை. முதலாளியும் அவரைப் போகச் சொல்லாமல் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். புதுமாப்பிள்ளை என்ற பெயருக்கு எதிரே, இடைவேளை அரை மணி நேரம் கழிக்கப்பட்டது. அண்ணியின் பெயருக்கு எதிரேயும் அதே.

"அவங்க சாப்பிடவே இல்லையே" என்றார் முதலாளி.

"சிஸ்டம் அனுப்பி வெச்சுடுச்சு சார்."

"நான் கூப்பிட்டுதான அவங்க ஓடி வந்தாங்க!"

"ஆமா சார்."

அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒரு சொல் சேர்த்திருந்தால் அது உபதேசமாகியிருக்கும். ஆனாக்கா அதை அறிந்தவராக, மடிக்கணினியின் மேல் படிந்த நீராவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் முதலாளி எழுந்து அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த அரை மணி நேரத்தைச் சேர்த்தால் உருளையில் நிற்பவர்கள் தினமும் வேலை நேர வரம்பைத் தாண்டுகிறார்கள். தாண்டிய நேரமெல்லாம் இரட்டைப் பங்கு. ஆஸ்பத்திரிகளோடு போட்ட ஒப்பந்தமோ இறுக்கமானது. "தப்புன்னு தெரியுது மேடம். ஆனா..." என்றார். அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது அந்தச் சொல். "எல்லா இடத்துலயும் இப்படித்தான ஓடுது? சாப்ட்வேரே அப்படித்தான வருது? இருக்கற மாதிரியே விட்ருங்க." பிறகு ஆனாக்காவின் மேலதிகாரிக்கே போன் போட்டுப் பேசிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி ஆனாக்காவைக் கூப்பிட்டார். அவர் குரல் ஆனாக்காவின் கைபேசியிலிருந்து எனக்கும் கேட்டது. வாடிக்கையாளர் கேட்பதைச் செய்துவிட்டு வரவேண்டியதுதானே, உருளையில் யார் சாப்பிட்டால் உனக்கென்ன, என்றது.

"சார், பொய்ய நான் எழுத மாட்டேன். டிக் இருக்கணும்னா வேற ஆள அனுப்புங்க. வர்றவங்ககிட்ட நான் சண்டை போட மாட்டேன். ஆனா அந்த உருளைய ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுதான் போவேன்."

நிதானமாகத்தான் சொன்னார். பேசி முடித்த பிறகு கைபேசியை மேசையில் வைக்கப் போய், மேசை விளிம்பைத் தவறவிட்டார். அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். தைரியசாலிகளின் கை நடுங்காது என்று நான் எங்கோ நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அந்த நம்பிக்கையைக் கைவிட்டேன். அவர்மேல் இருந்த மரியாதை அப்போதுதான் வியப்பாக மாறியது.

மாலையில் கண்ணாடிக் கடையில் கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"வேல போச்சுன்னா?"

"போனா போகுது. இங்க உக்காந்து கண்ணாடி தொடைக்கறேன்."

"ஐயையோ. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஆனா சொல்லுவியே. வர்ற நாலு பேரும் ஓடிருவாங்க." சொல்லிவிட்டு அவர் கடையின் ஒரே நல்ல நாற்காலியைத் தூசி தட்டி மனைவிக்கு நகர்த்தி வைத்தார்.

காலையில் நாங்கள் போனபோது முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். தூங்காத கண்கள்.

"குடுக்கறதா, வெட்டறதா, குடுக்கறதா, வெட்டறதான்னு இதையே யோசிச்சுட்டுக் கெடந்தேன் மேடம். சாப்பிட விடறதுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கறது காலைல பல்லு வெளக்கறப்பதான் தோணுச்சு!"

ஆனாக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கேட்டது.

மடிக்கிற மேசையிலிருந்து இரண்டு பேருக்கு உருளை வேலை பழக்கப்படும். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வந்து நிற்பார்கள், இவர்கள் போவார்கள். கேட்பதற்குச் சுலபம். அதை விதியாக்க ஆனாக்கா பட்ட பாட்டைப் பார்த்தபோதுதான் அவருடைய மூளை எப்படி ஓடுகிறதென்று எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது. மாற்று ஆள் உருளையில் பஞ்ச் பண்ணினால்தான் இவர்களுக்கு இடைவேளை தொடங்கும். மாற்று ஆள் வராவிட்டால் ஒரு நிமிடமும் கழியாது, வரம்பைத் தாண்டினால் ஓவர்டைம். சரி. மறதி மாமாவை மாற்று ஆளாக அனுப்பினார். மாமா வந்து நின்றார், பஞ்ச் பண்ண மறந்தார். விதி உடைந்தது. திருத்தினார். அவசர அக்காவை அனுப்பினார். அவள் சீக்கிரமே வந்து பஞ்ச் பண்ணிவிட, அண்ணியும் நாத்தனாரும் உருளையை விட்டு நகரும் முன்பே இடைவேளை ஓடத் தொடங்கியது. உடைந்தது. திருத்தினார். ஒரு மனிதர் செய்யக்கூடிய ஒவ்வொரு தவறையும், சோம்பலையும், அவசரத்தையும் முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் அவர் கோபப்படாமல் இடம் வைத்துக்கொண்டே போனார். இவ்வளவு பொறுமையாக மனிதர்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசியாக, கூப்பிட்டா வர்ற சித்தப்பா. சாப்பிட உட்கார்ந்து பாதியில் மாற்று ஆள் கூப்பிட்டு ஓடினால்?

"உக்காந்திருந்த வரைக்கும் கழிச்சுக்கலாம்ல?" என்றார் முதலாளி.

"வாயில வெச்சதோட எழுந்து ஓடறது இடைவேளை இல்ல சார்."

முதலாளி தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "எழுதிக்கங்க" என்றார்.

அண்ணிதான் லேசில் சம்மதிக்கவில்லை. மாற்று ஆட்கள் கையைச் சுட்டுக்கொள்வார்கள், துணியைக் கருக்குவார்கள், கெட்ட பெயர் தனக்குத்தான் வரும் என்றார். மாதம் பிறப்பதற்குள் அவர்களை அவரே ஓட ஓட விரட்டி, உருட்டி எடுத்துவிட்டார். நாத்தனாரின் கவலை வேறு. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போகணுமா? எதிர் எதிரா உக்காந்து என்னத்தப் பேசறது?"

விதி நடைமுறைக்கு வந்த முதல் நாள் ஆனாக்காவுக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் வந்திருந்தார். ஈரக் கைக்கும் ஆள் தெரியும்படி கருவிக்குப் பதிலாக அட்டை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மாற்று ஆட்கள் இருவரும் வந்து அட்டையைக் காட்டினார்கள். ஆனாக்காவின் திரையில் அண்ணி, நாத்தனார் பெயர்கள் பச்சையிலிருந்து இடைவேளைக்கான மஞ்சளுக்கு மாறின. அண்ணி உருளையை விட்டு நகர்ந்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார். "போங்கண்ணி, பாத்துக்கறோம்" என்றார்கள். மறுபடி நகர்ந்தார், மறுபடி திரும்பிப் பார்த்தார். கடைசியில் நாத்தனார் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு அறையில் நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் இருவரும் அவசர அவசரமாக, நின்று பழகிய வேகத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நேரம் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாக்களைத் திரும்பத் திரும்ப மூடினார்கள். எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்களில் நாத்தனார் எழுந்து போய், சுவரில் சாய வசதியாக, அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கண் செருகியது. தலை சரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் தலையும் சரிந்து, அண்ணியின் தோளில் வந்து நின்றது. கூடத்தில் உருளை ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் கைகள் மடியில் திறந்து கிடந்தன.

நான் ஏதோ சொல்லத் திரும்பினேன். ஆனாக்கா உதட்டில் விரலை வைத்தார். மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடினார். பிறகு மேசைக்கடியில் குனிந்து, ஒவ்வொரு காலாகச் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு, சுவரோரமாக நடந்து வெளியே போனார்.